காந்த ரோலருக்கு ஒட்டு எதற்கு

சென்ற மாதம் எங்கள் பழைய அச்சகத்திலிருந்து ஒரு வீடியோ வந்தது. அங்கே புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒருவர் அனுப்பியிருந்தார். மேக்னடிக் ரோலரில் பிளேடு மாட்டும் முறையை மற்றவர்களுக்குக் காட்டப் போகிறாராம். நான் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்ல வேண்டுமாம். முதல் முறை சும்மா பார்த்தேன். இரண்டாம் முறை பேனாவும் தாளும் எடுத்துக்கொண்டு பார்த்தேன். ஏழு தவறுகள். ஏழாவது, கடைசியில் அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியது.

"தப்பு இருந்தா எழுதிக் குடுங்க சார், அச்சக சங்கத்து இதழ்ல போட்டுக்கலாம்" என்றார் போனில். எழுதுகிறேன். போடுவார்களா என்பது அவர்கள் பாடு.

தொழில் தெரியாதவர்களும் படிக்கக்கூடும் என்பதால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். தேன் பாட்டிலில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் அச்சகத்திலிருந்து சுருளாகப் போகிறது. மேலே அச்சிட்ட தாள், நடுவில் பசை, கீழே வழவழப்பான அடித்தாள். இதில் மேல்தாளையும் பசையையும் மட்டும் ஸ்டிக்கரின் வடிவத்தில் வெட்ட வேண்டும். அடித்தாளின் மேல் கீறல்கூட விழக் கூடாது. இந்த வேலையைச் செய்வது ஒரு மெல்லிய எஃகுத் தகடு. அதைத்தான் நாங்கள் பிளேடு என்போம். சவரம் செய்கிற பிளேடு போல அல்ல. முழுத் தகட்டின் மேல் ஸ்டிக்கரின் வடிவத்தில் கூரிய விளிம்புகள் எழும்பி நிற்கும். வளைத்தால் வளையும். காந்தங்கள் பதித்த உருளையின் மேல் அதைச் சுற்றி வைத்தால் அப்படியே பிடித்துக்கொள்ளும். திருகாணி இல்லை, பசை இல்லை. ரோலர் சுற்றச் சுற்ற, அதற்கும் கீழே இருக்கும் அடி உருளைக்கும் நடுவே தாள் ஓடும், வெட்டுப்படும்.

திருகாணி இல்லை என்றதும் இது சுலபமான வேலை என்று நினைத்துக்கொள்கிறார்கள். வீடியோக்காரரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார். இரும்பு மோதிரத்தோடும் கடிகாரத்தோடும் ரோலரைத் தூக்கினார். ஸ்பானரும் போல்ட்டும் இரும்புத் தூளும் கிடந்த மேஜையில் அதை வைத்தார். காந்த ரோலரைக் கொண்டுபோய் இரும்புத் தூளில் வைப்பவர், அடுத்து மாவு மில்லில் போய்க் கண்ணாடி துடைப்பார் போலிருக்கிறது. பிளேடின் முதுகைத் தன் சட்டையின் நுனியால் துடைத்தார். சட்டையிலிருந்து ஒரு நூலிழை பிளேடுக்கு அடியில் போனால் அந்த இடத்தில் விளிம்பு அந்த நூலின் கனத்துக்கு மேலே எழும்பும், அடித்தாளை அறுக்கும். ஸ்பிரிட்டில் நனைத்த, பிசிறு விடாத துணியால் ரோலரையும் துடைக்க வேண்டும், பிளேடின் முதுகையும் துடைக்க வேண்டும், பிறகு உள்ளங்கையால் தடவிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாதது கைக்குத் தெரியும். ரோலரில் கோடு ஒன்று இருக்கிறது. பிளேடின் ஓரத்தை அந்தக் கோட்டில் பொருத்தி, அங்கிருந்து மெல்ல உருட்டிக்கொண்டே போக வேண்டும். அவர் நடுவில் பிடித்துத் தொப்பென்று விட்டார். காந்தம் இழுத்துக்கொண்டது. கோணலாகத்தான் உட்கார்ந்தது. அதைத் திருத்த ஸ்க்ரூ டிரைவரை உள்ளே விட்டு நெம்பினார். அதற்கு மேல் பார்க்க எனக்கு மனம் இல்லை. எண்ணிக்கை முடியவில்லையே என்றுதான் பார்த்தேன்.

நான் பட்டப்படிப்பு படித்தவன். படித்த படிப்புக்கு வேலை கிடைக்காமல் சிவகாசியில் டை வெட்டும், அதாவது கத்தி விளிம்பு பதித்த பலகையால் அட்டையை வெட்டும் ஒரு பட்டறையில் சேர்ந்தேன். ஒதுக்கீடு கேட்டு வட மாவட்டங்களில் மரங்களைச் சாய்த்துச் சாலையை மறித்த காலம் அது. ஊருக்கு வரப் பஸ் இல்லாததால் தீபாவளிக்குக்கூட வராமல் வேலை கற்றுக்கொண்டேன். கற்றது இவ்வளவுதான்: எஃகுப் பட்டியை வளைத்துப் பலகையில் அடிப்பது, பலகையை மெஷினில் பூட்டுவது, வெட்டாத இடத்துக்கு ஒட்டுப் போடுவது. பிறகு கள்ளக்குறிச்சிக்கு வந்து ஓர் அச்சகத்தில் சேர்ந்தேன், ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எட்டுப் பக்கத்துக்கு அங்கே ஒன்றும் நடந்திருக்காது.

ஒட்டு என்றேன் அல்லவா, அதை விளக்க வேண்டும். இந்தக் கட்டுரையே அதைப் பற்றியதுதான்.

எங்கள் அச்சகத்தில் எனக்கு மேலே இருந்தவர் துரைக்கண்ணு மேஸ்திரி. திருநாவலூர்ப் பக்கத்து ஆள். பழைய பிளேட்டன் மெஷினில், அதாவது இரண்டு பலகைகள் வாய் போலத் திறந்து மூடும் மெஷினில், அவரைப் போல வெட்டுகிறவர் மூன்று மாவட்டங்களில் கிடையாது என்பார்கள். அது பொய்யில்லை. அந்த மெஷினில் எந்த டையும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வெட்டாது. ஒரு மூலை வெட்டும், ஒரு மூலை வெட்டாது. வெட்டாத இடத்துக்கு நேர் பின்னால் மெல்லிய டிஷ்யூத் தாளை ஒட்டி உயரம் கூட்டுவார்கள். அதுதான் ஒட்டு. மேஸ்திரி கத்தரிக்கோல் வைத்து வெட்டமாட்டார். கிழிப்பார். கத்தரித்த தாளுக்கு விளிம்பில் படி நிற்கும், கிழித்த தாளின் விளிம்பு சரிந்து இறங்கும் என்பது அவர் கண்டது. கிழித்த துண்டுகளை ஈரம் தொட்டு இடது முன்கையில் வரிசையாக ஒட்டிக்கொள்வார். ஒட்டுப் போடும்போது பேசமாட்டார், யாராவது பேசினாலும் காதில் வாங்கமாட்டார். மெஷினை ஒரு முறை ஓட்டுவார், வெட்டின அட்டையை வெளிச்சத்தில் பிடிப்பார், கையிலிருந்து ஒரு துண்டை உரித்து ஒட்டுவார், மறுபடி ஓட்டுவார். பதினெட்டு ஒட்டுப் போட்ட டையை ஒரு முறை எண்ணியிருக்கிறேன். அதிலிருந்து வந்த சாக்லேட் பெட்டியில் ஒரு பிசிறு இல்லை.

இதெல்லாம் சரி. ஆனால் உலகமே பிளேட்டன் மெஷின் என்று அவர் நம்பினார். அங்கேதான் வில்லங்கம்.

முதலாளி ஸ்டிக்கர் சுருள் மெஷின் ஒன்றை வாங்கினார். கல்வராயன் மலைத் தேனும் கடுக்காயும் புளியும் பாட்டிலில், பொட்டலத்தில் போக ஆரம்பித்திருந்த நேரம். ஸ்டிக்கர் வேலை நிறைய வந்தது. மெஷினோடு காந்த ரோலரும் வந்தது. வந்த அன்றே முதலாளி அதற்குப் பூசை போட்டார். ரோலரைச் சுற்றி ஒன்பது இடத்தில் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம். கண்ணாடி போல் தேய்த்த எஃகுக்கு ஈரச் சந்தனம். அன்று முழுவதும் நான் ஸ்பிரிட்டும் துணியுமாக அந்த ஒன்பது பொட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நான் சாமியைத் துடைப்பதாக முதலாளியின் தாயார் எல்லாரிடமும் சொல்லி வருத்தப்பட்டாராம்.

மேஸ்திரி வந்து ரோலரை எட்ட நின்று பார்த்தார்.

"இன்னா சார் இது, வெறும் காந்தத்துல ஒட்டிக்கினு நிக்குமா? சுத்தறப்போ பறந்து வந்து மூஞ்சில அடிச்சா?"

"அடிக்காது மேஸ்திரி."

"செரி. ஒட்டு எங்க போடறது?"

"இதுக்கு ஒட்டுப் போடக் கூடாது."

"ஒட்டுப் போடாத டை ஏதுங்க சார். பொறக்கறப்பவே ஒழுங்கா பொறந்த டைய நான் பாத்ததே இல்ல."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் விளக்கினேன். இந்த பிளேடின் உயரம் இந்த அடித்தாளின் கனத்துக்கென்றே தேய்த்து வருகிறது. செலோ டேப் ஒரு துண்டு எவ்வளவு கனம் தெரியுமா, அதை அடியில் வைத்தால் விளிம்பு அடித்தாளைத் தாண்டி அடி உருளையிலேயே போய் மோதும், விளிம்பும் மழுங்கும் என்றேன். வெட்டவில்லை என்றால் மூன்று காரணம்தான்: அழுக்கு, அழுத்தம், தேய்ந்த பிளேடு. அழுக்கைத் துடை, இரண்டு பக்க அழுத்தத்தையும் சமமாக வை, தேய்ந்ததைத் தூக்கிப் போடு. மேஸ்திரி தலையாட்டினார். அவர் தலையாட்டினால் கேட்டுக்கொண்டார் என்றுதான் பொருள், ஒப்புக்கொண்டார் என்று பொருளில்லை. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்த மெஷினுக்கு வந்தவர் அண்ணாமலை. வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு மலைக் கிராமத்துக்காரர், மலையாளி என்னும் பழங்குடி வகுப்பு, ஐ.டி.ஐ.யில் பிட்டர் முடித்தவர், முப்பது வயதிருக்கும். அதிகம் பேசமாட்டார். சொன்னதைச் சொன்னபடி செய்வார். வேலை முடிந்ததும் பிளேடைக் கழற்றுவார், எண்ணெய் தடவி உறையில் தட்டையாக வைப்பார், ரோலரைத் துடைத்து மெல்லிய எண்ணெய் பூசி மரப்பெட்டியில் மூடுவார். காலையில் அந்த எண்ணெயைச் சுத்தமாக எடுத்துவிட்டுத்தான் மாட்டுவார். எண்ணெயோடு மாட்டினால் பிளேடு நழுவும். இத்தனையும் செய்பவர் ஒன்றை மட்டும் மறப்பார். ரோலரின் இரண்டு ஓரத்திலும் ஒரு வளையம் இருக்கும். கீழ் உருளையின் மேல் உட்கார்ந்து உருளுவது அந்த வளையங்கள்தான், இடைவெளியைக் காப்பதும் அவைதான். ஸ்டிக்கர் பசை மெல்ல மெல்லக் கசிந்து வளையத்தில் ஏறும். அதை அன்றாடம் துடைக்க வேண்டும். ஆறு முறை சொல்லியிருக்கிறேன். ஆறு முறையும் "துடைச்சிட்றேன் சார்" என்றார்.

அப்போதுதான் மறுபடி ஒதுக்கீட்டுக் கிளர்ச்சி வந்தது. முதல் கிளர்ச்சிக்கு நான் இளைஞன், இதற்கு நான் கிழவன். நடுவில் இத்தனை ஆண்டு போயும் டீக்கடைப் பேச்சு மட்டும் ஓர் அடி நகரவில்லை. சாலையில் நிற்பவர்களுக்காவது ஒரு கோரிக்கை இருந்தது. எங்கள் மெஷின் ரூமில் எல்லாரும் வக்கீல் ஆனார்கள். யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஆளுக்கொரு கணக்கு. நான் ஒரு நாள் கூட்டிப் பார்த்தேன், அவர்கள் சொன்னதையெல்லாம் கொடுத்தால் நூற்று நாற்பதைத் தாண்டியது. சொன்னேன். கூட்டல் தெரிந்தவனை யாருக்கும் பிடிப்பதில்லை.

பேக்கிங்கில் இருந்த ஒருவர் அண்ணாமலையைப் பார்த்து, "மலைக்காரனுக்கு கவர்மெண்ட்லயும் எடம், இங்கயும் எடம். நாம ரோட்ல குந்திக்கினு இருக்க வேண்டியதுதான்" என்றார்.

அண்ணாமலை தாளை ஏற்றிக்கொண்டே, "நான் இங்க எந்தக் கோட்டாவுல வந்தேன்னு மொதலாளியக் கேட்டுச் சொல்லுண்ணா. எனக்கும் தெரிஞ்சிக்கணும்" என்றார்.

தனியார் அச்சகத்தில் ஏது ஒதுக்கீடு. எங்களிடம் இருந்தது ஒன்றே ஒன்று, அது முதலாளியின் மனைவி வீட்டாருக்கு. அந்த அம்மாவின் அண்ணன் மகன் பிரபு அதன்படி வந்து சேர்ந்திருந்தான். அண்ணாமலையின் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, அந்த மெஷின் எப்போது தன் கைக்கு வரும் என்று உட்கார்ந்திருந்தான்.

கிளர்ச்சி சூடு பிடித்ததும் பஸ்கள் ஒழுங்காக ஓடவில்லை. மலைக்குப் போகும் கடைசி பஸ்ஸைச் சாயங்காலமே எடுத்துவிட்டார்கள். நான் சங்கராபுரத்துக்காரன், என் பஸ்ஸுக்கும் அதே கதி. நாங்கள் இருவரும் முன்னதாகவே கிளம்ப வேண்டியதாயிற்று. அண்ணாமலை பிளேடைக் கழற்றப் போனார். முதலாளி தடுத்தார்.

"கழட்டாத. இன்னும் ரெண்டு மணி நேரம் ஓட்டணும். பிரபு ஓட்டிக்குவான்."

"மாட்டுனவங்க கழட்டறதுதான் முறை" என்றேன் நான்.

"முறைய நாளைக்குப் பாத்துக்கலாம் சார். பஸ்ஸு போய்டப் போவுது."

போய்விட்டோம். அன்றிலிருந்து தினமும் இதே கதைதான், அந்த பிளேடு ரோலரை விட்டு இறங்கவே இல்லை.

பத்துப் பன்னிரண்டு நாளில் கச்சிராயபாளையத்திலிருந்து ஜெயந்தி வந்தார். மலைத் தேனை வாங்கிப் பாட்டிலில் அடைக்கும் ஒரு சிறு நிறுவனத்தை நடத்துபவர். ஸ்கூட்டியில் மஞ்சள் பையில் இரண்டு சுருள்களைப் போட்டுக் கொண்டுவந்து முதலாளியின் மேஜையில் வைத்தார்.

"கைல உரிச்சா நல்லா வருதுங்க. எங்க ஒட்டற மெஷின்ல போட்டா அடித்தாளு அறுந்துக்கினு போவுது. கொஞ்சம் பாட்டில் போவும், அறுந்துரும். மறுபடி கோத்துப் போடுவோம், மறுபடி அறுந்துரும். நாலு பொம்பளைங்க ஒட்டறத வுட்டுட்டு உங்க தாளையே கோத்துக்கினு இருக்காங்க."

முதலாளி சுருளைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "அண்ணாமலையக் கூப்புடு" என்றார்.

அண்ணாமலை வந்தார். சுருளின் நுனியை உரித்து வெளிச்சத்தில் பிடித்தார். முகம் சுருங்கியது.

"அடித்தாள்ல வெட்டு விழுந்திருக்குது."

"அத நான் சொல்லணுமா? மாட்னது யாரு?"

"நான்தாங்க."

"அப்புறம் இன்னா. நாளைக்கு ஓட்டி அனுப்பற ரோலும் அறுந்துச்சுன்னா நீ மலைலயே இருந்துக்க. மெஷினப் பிரபு பாத்துக்குவான்."

பிரபு நாற்காலியில் இருந்தபடி தன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். கேட்கவில்லை என்று காட்டிக்கொள்வதில் அவன் கெட்டிக்காரன். வேறு எதில் கெட்டிக்காரன் என்று நான் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை.

நான் அந்தச் சுருளை வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். இப்படிப்பட்ட நேரத்தில் ஆளைப் பார்ப்பவன் முட்டாள், தாளைப் பார்க்க வேண்டும். ஸ்டிக்கர்களை உரித்துவிட்டு அடித்தாளின் வழவழப்பான பக்கத்தில் மார்க்கர் பேனாவின் மையைத் தேய்த்துத் துடைத்தேன். கீறல் இல்லாத இடத்தில் மை நிற்காது. வெட்டு விழுந்த இடத்தில் உள்ளே இறங்கும், பின்பக்கம் கோடாகத் தெரியும். எங்கள் ரோலர் ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு ஸ்டிக்கர் வெட்டும். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டேன். ஏழாவது ஸ்டிக்கரின் கீழ் மூலையில் மை இறங்கியிருந்தது. அடுத்து பத்தொன்பது. அடுத்து முப்பத்தொன்று. நடுவில் எங்கும் இல்லை. அழுத்தம் அதிகமாக வைத்திருந்தால் ஓரம் முழுக்க இறங்கியிருக்கும். பிளேடு கெட்டிருந்தால் வெட்டாமல் போயிருக்கும், ஆழமாக வெட்டியிருக்காது. ஒரே மூலை, ஒவ்வொரு சுற்றுக்கும். அந்த மூலைக்கு அடியில் ஏதோ இருக்கிறது.

முதலாளியிடம் காட்டினேன். "அடியில இன்னா இருந்தாலும் மாட்டுனது அவன்தான" என்றார். அதில் நியாயம் இருந்தது. அதற்குப் பதில் பிளேடைக் கழற்றினால்தான் வரும். அதற்குள் அண்ணாமலை மலை பஸ்ஸுக்குக் கிளம்பியிருந்தார்.

மறுநாள் சாலை மறியல். மலையிலிருந்து பஸ் வரவில்லை, அண்ணாமலையும் வரவில்லை. முதலாளி என்னைக் கழற்றிப் பார்க்கச் சொன்னார். முடியாது என்றேன். அவர் இல்லாமல் கழற்றி, அடியில் தூசி இருந்தது என்று நாம் சொன்னால் அவர் எப்படி நம்புவார்?

"அவன் நம்பி இன்னா ஆவப் போவுது சார்?" என்றார் முதலாளி.

மேஸ்திரி அப்போது வாயைத் திறந்தார். "ஓடிக்கினு இருக்கறத எதுக்குக் கழட்டிக்கினு? ரெண்டு நாள் ஓடனா தானா செரியாய்டும்."

எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. எஃகு தானாகச் சரியாகிப் பார்த்ததில்லை. அவரும் பார்த்தவரில்லை.

அண்ணாமலை மதியம் வந்து சேர்ந்தார். மரவள்ளி மூட்டை ஏற்றிய ஒரு வண்டியில் மலையடிவாரத்து அணை வரைக்கும் வந்து, அங்கிருந்து யாரோ ஒருவருடைய பைக்கில் ஏறிக் கிராமத்துச் சாலைகளில் சுற்றி வந்திருந்தார். சட்டையெல்லாம் செம்மண். முதலில் கை கழுவினார். பிறகு கேட்டார், "கழட்டிட்டீங்களா?"

"நீங்க வரட்டும்னு இருக்கோம்."

அவருக்கு மோதிரம் கிடையாது, கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். முதலாளி, மேஸ்திரி, பிரபு, பேக்கிங்கில் இருவர், நான் என்று ஆறு பேர் சுற்றி நின்றோம். கோட்டின் ஓரத்தில் பிளாஸ்டிக் ஆப்பை மெல்ல நுழைத்தார். விளிம்பு எழும்பியதும் ஆப்பைப் பக்கவாட்டில் நகர்த்தி, முழு ஓரத்தையும் ஒரே சமமாகத் தூக்கி, ரோலரைச் சுற்றவிட்டுக்கொண்டே தகட்டைத் தன் வளைவிலேயே உரித்தார். தகட்டில் எங்கும் ஒரு மடிப்பு விழவில்லை. ஏழாவது ஸ்டிக்கரின் இடம் வந்ததும் நின்றார்.

ரோலரின் மேல் ஒரு துண்டு செலோ டேப். கட்டைவிரல் நகம் அளவு. அழுத்தத்தில் நசுங்கி, அந்தப் பளபளப்பில் கண்ணுக்கே தெரியாத அளவுக்கு இருந்தது. ஆனால் விளிம்பு தெரிந்தது. நாலு பக்கமும் கத்தரிக்காமல், பல்லால் கடித்து இழுத்துக் கிழித்திருந்தது.

முதலாளி, "யாரு வேல இது?" என்றார்.

அந்த அறையில் முதலாளியைத் தவிர எல்லாருக்கும் தெரியும் அது யார் வேலை என்று. பிளேட்டன் மெஷினில் அந்தக் கிழிந்த விளிம்பைத் தினமும் பார்த்தவர்கள். அண்ணாமலைக்கும் தெரிந்தது. அவர் டேப்பைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொன்னால் வேலை மிஞ்சும். சொல்லவில்லை. என்னால் இந்த மாதிரி மௌனங்களைப் பொறுக்க முடியாது. இதில் பெருந்தன்மை என்று கொண்டாட என்ன இருக்கிறது? அடுத்த சுருளும் அறுபடும், அவ்வளவுதான்.

"மேஸ்திரி போட்ட ஒட்டு" என்றேன்.

மேஸ்திரி மறுக்கவில்லை. முன்கையைத் தடவிக்கொண்டார்.

"ஆமாங்க. நான்தான். அன்னிக்கி இவங்க ரெண்டு பேரும் பஸ்ஸுக்குப் போனப்பறம் இந்த மூல வெட்டல. பிரபு வந்து கூப்டான். காலைல மொதலாளி பாத்தா அண்ணாமலையத் திட்டுவாரேன்னு ஓரத்தத் தூக்கி ஒண்ணு சொருவுனேன். பிரபுதான் செல்லுல லைட்டு அடிச்சான். உரிச்சிப் பாத்தேன், சுத்தமா உரிஞ்சிது."

சுத்தமாகத்தான் உரியும். கையால் உரித்துப் பார்ப்பது பிளேட்டன்காரர் சோதனை. மேலே வெட்டியதா என்று மட்டும் அது சொல்லும், கீழே எவ்வளவு வெட்டியது என்று சொல்லாது. நல்லது செய்யப் போனவர் ஒரு மனிதனின் வேலையில் கத்தியை வைத்துவிட்டார். லைட் அடித்தவன் அத்தனை நாளும் வாயைத் திறக்காமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

அந்த மூலை ஏன் வெட்டவில்லை என்றும் பார்த்தேன். அந்தப் பக்கத்து வளையத்தில், அந்த மூலைக்கு நேராக, பசை ஏறிக் கெட்டியாகியிருந்தது. அது ரோலரைத் தூக்கிக்கொண்டு நின்றது. அண்ணாமலையிடம் காட்டினேன்.

"அது என் தப்புதாங்க சார். துடைக்கல."

ஆகக் கணக்கு இது. வளையத்தைத் துடைக்காதது அண்ணாமலை. கழற்றவிடாமல் தடுத்தது முதலாளி. ஒட்டுப் போட்டது மேஸ்திரி. தெரிந்தும் சொல்லாதது பிரபு. நாலு பேர் தவறு, அதில் அண்ணாமலையுடையது துணியால் துடைத்தால் போகிற தவறு. இதை இப்படியே முதலாளியிடம் சொன்னேன். அவருக்கு நாலு பேர் தேவைப்படவில்லை, அதிலும் தான் ஒருவர் என்பது அவர் காதில் ஏறவே இல்லை.

"செரி வுடுங்க" என்றார் மேஸ்திரியைப் பார்த்து. "நீங்க நல்லதுக்குத்தான் பண்ணீங்க. அனுபவஸ்தரு. ஏதோ நெனச்சிப் பண்ணியிருப்பீங்க. எல்லாரும் வேலையப் பாருங்க."

ஒரு நாளைக்கு முன்பு ஆளை வீட்டுக்கு அனுப்பும் குற்றமாக இருந்தது, ஆள் மாறியதும் அனுபவமாகிவிட்டது. எஃகில் இப்படி நடக்காது. டேப்பை யார் ஒட்டினாலும் அது அதே ஆழத்துக்குத்தான் வெட்டும்.

அண்ணாமலை பிளேடைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"மொதலாளி, ஒண்ணு கேக்கலாங்களா? இதே ஒட்ட நான் போட்டிருந்தா?"

முதலாளி மேலே மின்விசிறியைப் பார்த்தார். பதில் மேஸ்திரியிடமிருந்துதான் வந்தது, சாதாரணக் குரலில், மெஷினைப் பற்றிச் சொல்வது போல.

"அனுப்பியிருப்பாரு."

முதலாளி ஆபீஸ் அறைக்குப் போய்விட்டார்.

பழைய பிளேடின் அந்த மூலை மழுங்கிப் போயிருந்தது. கூடவே வாங்கி வைத்திருந்த இரண்டாவதை எடுத்தோம். அண்ணாமலை முதலில் வளையங்களைத் துடைத்தார், இந்த முறை நான் சொல்லவில்லை. பிறகு ரோலரைத் துடைத்தார். டேப் விட்டுப்போன பசை முழுதும் போகும்வரை துடைத்தார், உள்ளங்கையால் தடவினார், மறுபடி துடைத்தார். மேஸ்திரி பக்கத்திலேயே நின்றார். எங்கே நிற்பது என்று தெரியாமல் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றார்.

"நான் போய்ட்டாமா அண்ணாமல?"

"இருங்க மேஸ்திரி. பாருங்க. கை மட்டும் வெக்காதீங்க."

மேஸ்திரி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். பிளேடின் ஓரம் கோட்டில் போய் நின்றது, உருண்டு உட்கார்ந்தது. இரண்டு பக்க அழுத்தத்தையும் சமமாக வைத்து ஓட்டினார். ஒரு சுற்றை வெட்டியெடுத்து மை தேய்த்துப் பார்த்தோம். பன்னிரண்டில் ஒன்றிலும் மை இறங்கவில்லை. மேஸ்திரி அதை வாங்கி வெளிச்சத்தில் வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். ஏழாவது மூலையைத் தேடியிருப்பார். எது ஏழாவது என்று அவருக்குத் தெரியவில்லை, நான் காட்டினேன்.

சுருள் கச்சிராயபாளையத்துக்குப் போயிற்று. அங்கே கடைசி பாட்டில்வரை அறுபடாமல் ஓடியதாகச் சொல்ல மறுநாள் ஜெயந்தி போன் செய்தார். முதலாளி மெஷின் ரூமில் எங்கள் நடுவில் நின்றபடிதான் பேசினார். பிரபுவின் நாற்காலி அன்று பேக்கிங் பக்கம் போயிருந்தது.

"ஆமாம்மா, சின்னக் கோளாறுதான். எங்க மேஸ்திரியே பாத்து செரி பண்ணிட்டாரு."

மேஸ்திரி பிளேட்டன் மெஷினில் ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். முன்கையில் மூன்று துண்டுகள். ஒட்டுப் போடும்போது அவர் பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

"நான் கெடுத்தது. மாட்டுனது அண்ணாமல."

முதலாளி அவசரமாகப் போனை உள்ளங்கையால் மூடினார். அதற்குள் அது அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது. விரலிடுக்கு வழியாக ஜெயந்தியின் குரல் எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

"அப்ப அடுத்த ரோலுக்கும் அண்ணாமலையவே மாட்டச் சொல்லுங்க."